ஆக்னஸ் அன்ரி பாடின தட்டு

ஜெனி, கெவின்,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். நான் இங்கிலிசில் எழுதினால் பிழை பிழையாக வரும். நீங்கள் பிழையைத் திருத்திக்கொண்டு விசயத்தை விட்டுவிடுவீர்கள். ஜெனி, நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வாசி. முடிந்த பிறகு தம்பிக்குச் சொல்லு.

மன்னாரில் எங்கட கோயில் திருநாள் மலருக்கு, அவுஸ்திரேலிய வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். குளிர், ட்ரெயின், விசா என்று ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது ஓடவில்லை. இதைத்தான் அவர்களுக்கும் அனுப்பப்போகிறேன். உங்களுக்குச் சொல்லிவிட்ட பிறகு ஊருக்கு மறைக்க என்ன இருக்கு.

1

போன ஞாயிறு சேவியர் அங்கிளின் ஓராண்டுத் திருப்பலி. பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியும் குடுத்தார்கள். ஜெனி, நீ கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றாய். அங்கிளின் மகள் மேர்லின் அன்ரி உன்னிடம் வந்தா. நான் இரண்டு கதிரை தள்ளி நின்றேன். எனக்கு எல்லாம் கேட்டது.

"நீ பிசி எண்டு தெரியும் ஜெனி. எல்லாருக்கும் வேலைதான். ஆனா ஒரு பின்னேரம். ஒரே ஒரு பின்னேரம் ஒதுக்கியிருக்கலாம். அப்பா கடைசி வரைக்கும் கேட்டவர், ஜெனி இன்னும் செய்து முடிக்கேல்லையோ எண்டு."

நீ "சொறி அன்ரி" என்றாய். எதற்கு என்று தெரியாமலே சொன்னாய்.

காரில் வரும்போது கேட்டாய்: "அப்பா, வட் வாஸ் ஷீ டோக்கிங் எபௌட்?"

"ஒண்டுமில்லையம்மா. அங்கிளுக்குக் கடைசி நாளில நினைவு தடுமாறினது. ஆரையோ நினைச்சுக்கொண்டு உன்ர பேரைச் சொல்லியிருப்பார்."

ஸ்பிரிங்வேல் ரோட் சிக்னலில் நிற்கும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "ஷீ ஹேட்ஸ் மீ, அப்பா. ஃபோர் அ ஹோல் இயர். ஐ டோன்ட் நோ வை."

உன்ர உறுதிபூசுதலுக்கு ஞானத்தாயாக நின்றவ மேர்லின் அன்ரி. வருசா வருசம் உன்ர பிறந்தநாளுக்கு விடியவே போன் எடுக்கிறவ இந்த வருசம் எடுக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு நீ கேக் கொண்டு போனபோது வாசலில் வைத்தே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினா. நீ வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுததும் எனக்குத் தெரியும். நான் குசினியில் நின்று வெங்காயம் வெட்டினேன்.

சேவியர் அங்கிளுக்குக் கடைசி நாள் வரைக்கும் நினைவு தெளிவாக இருந்தது. அவர் ஒன்றையும் மாறிச் சொல்லவில்லை. உன்ர பேரை அவருக்குச் சொன்னது நான்.

2

சேவியர் அங்கிளை நீங்கள் இரண்டு பேரும் கோயிலில் கண்ட கிழவராகத்தான் அறிவீர்கள். அவர் கொழும்பு கொட்டாஞ்சேனை ஆள். இளந்தாரியாக இருக்கும்போது ஹோட்டல்களில் ஜாஸ் பாண்டில் பேஸ் வாசித்தவர். ஆள் உயரத்துக்கு நிறுத்தி வைத்து விரலால் இழுத்து வாசிக்கிற அந்தப் பெரிய வயலின். அவரின் மனைவி ஆக்னஸ் அன்ரி அதே பாண்டில் பாடினவ. நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்து இறங்க முன்னமே அவ இங்கே காலமாகிவிட்டா.

நாங்கள் வந்த முதல் வருசம் எனக்கு நிரந்தர வேலை இல்லை. மன்னாரில் கலியாணத்துக்கு முந்தி ஏழு வருசம் தளபாடக் கடையில் மரத்துக்குப் பொலிஸ் அடித்தவன் நான். கதிரை, அலுமாரி, கோயில் பீடம். செதில் செதிலாக வருகிற அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கரைத்து, துணிப் பொட்டலத்தில் தோய்த்து மரத்தில் தேய்க்கிற வேலை. இதைக் கோயில் சுவாமியார் அங்கிளிடம் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் அங்கிள் போன் எடுத்தார்.

"அந்தோனி, என்னட்ட ஒரு பழைய ரேடியோகிராம் இருக்கு. மரப்பெட்டி வெளுத்துப்போச்சு. வந்து பாக்கிறீரோ?"

மல்கிரேவில் அவரின் கராஜில் மூன்று நாள் இருந்து அந்தப் பெட்டிக்குப் பொலிஸ் அடித்தேன். அடிக்க அடிக்க அவர் அதிலேயே இசைத்தட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ட்ரம்பெட் என்றால் திருநாளும் செத்த வீடும்தான். சுருவம் தூக்கிவருகிறபோது ஒரு ஊதல், பெட்டி தூக்குகிறபோது ஒரு ஊதல். இது வேறு. ஒரு மனிசன் வாயை மூடிக்கொண்டு தன்ர பாட்டில் அழுகிற மாதிரி, அந்த ட்ரம்பெட்டின் வாயை எதனாலோ பொத்திப் பிடித்து ஒருத்தன் ஊதினான். நான் தேய்க்கிறதை நிறுத்திவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

அங்கிள் தட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கித் திரும்பவும் முதலில் வைத்தார்.

பிள்ளைகளே, அப்போது எனக்கு இந்த நாட்டில் எங்கே போனாலும் வாய் திறக்கப் பயம். வங்கியில், பஸ்ஸில், உங்கட பள்ளிக்கூடத்தில். ரீச்சர் ஏதாவது கேட்டால் ஆறு வயது ஜெனி எனக்காகப் பதில் சொல்லும். அந்தக் கராஜில் மட்டும் எனக்கு இங்கிலிஸ் தேவைப்படவில்லை. அந்த வாத்தியங்கள் பேசினதை விளங்கிக்கொள்ள ஓ.எல். சோதனை பாஸ் பண்ணியிருக்க வேண்டியதில்லை.

3

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். நாலு பேர். அங்கிள், நான், த பேசின் என்ற இடத்தில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற ரோட்டில் இருக்கிற கென் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர், டார்னெய்ட்டில் இருந்து ஊரையே குறுக்கறுத்துக்கொண்டு கார் ஓடி வருகிற மதுரைக்காரர் சுப்பிரமணி.

"அங்கிள், என் பொண்டாட்டி கேக்குறா, இவ்ளோ தூரம் போய் என்னதான் பண்றீங்கன்னு. சும்மா உக்காந்து பாட்டு கேக்குறோம்னா நம்பவே மாட்டேங்குறா" என்பார் சுப்பிரமணி.

"சந்தோசப்படு. உன்னால இன்னும் வேற ஏதும் செய்ய ஏலும் எண்டு நினைக்கிறாவே" என்பார் அங்கிள்.

ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுபோக வேண்டும். ஓடும்போது கதைக்கக்கூடாது. முடிந்த பிறகு எவ்வளவும் சண்டை பிடிக்கலாம். ஒரே பாட்டை ஒரே நாளில் இரண்டு தரம் வாசித்திருப்பார்கள், முதல் தரம் வாசித்ததா இரண்டாம் தரம் வாசித்ததா திறம் என்று கென்னும் சுப்பிரமணியும் மூன்று வருசம் சண்டை பிடித்தார்கள். "முதல்ல தப்பு பண்ணான்யா, அந்தத் தப்புதான்யா அழகு" என்று சுப்பிரமணி தமிழில் கத்துவார். கென்னுக்கு ஒரு சொல் விளங்காது. ஆனால் எதற்குக் கத்துகிறார் என்று விளங்கும்.

இதெல்லாவற்றையும் விட ஒரு வழக்கம் இருந்தது. ஊசியை வைக்க முன் அந்தத் தட்டில் வாசித்த எல்லாரின் பேரையும் ஒருவர் எழும்பி நின்று சொல்ல வேண்டும். ட்ரம்பெட் இன்னார், பியானோ இன்னார், பேஸ் இன்னார், ட்ரம்ஸ் இன்னார் என்று.

"தட்டின்ர மட்டையில படம் ஒருத்தனுக்குத்தான் போடுவாங்கள்" என்பார் அங்கிள். "வேலை செய்தது அஞ்சு பேர். அவங்கட பேரை இங்கயாவது சொல்லுவம்."

தட்டுத் துடைக்கிறது என்ர வேலை. பொலிஸ் அடித்த கையென்றால் அழுத்தம் அளவாக இருக்கும் என்று அங்கிளே ஒப்படைத்தது. கொஞ்சம் ஸ்பிரிட், நிறையத் தண்ணி, ஒரு துளி சோப். மெத்தென்ற துணியால் கோடு போகிற பக்கமே வட்டமாகத் துடைக்க வேண்டும். நான் துடைத்துக் குடுத்தால் கடைசியாக அதையும் சொல்லுவார். பியானோ, பேஸ், ட்ரம்ஸ் எல்லாம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து: "துடைச்சது அந்தோனி."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் பக்டரியில் வெறும் நம்பராக நின்று வேலை செய்துவிட்டு வருகிறவனுக்கு அது என்ன மாதிரி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

4

விசாவுக்கு லோயர் கடிதங்கள் கேட்டார். எங்களை நன்றாகத் தெரிந்த நாலு பேர் எழுதித் தர வேண்டும். தற்காலிக விசாவில் இருந்த வருசங்கள் உங்களுக்கு நினைவிருக்காது. தபால் பெட்டியை அம்மா தனியத் திறக்கமாட்டா.

அங்கிள் தன்ர கையால் ஒரு பக்கம் எழுதினார். லோயர் அதை எனக்குத் தமிழில் சொன்னார்: "இவர் அதிகம் பேசமாட்டார். ஒழுங்காகக் கேட்பார். எனக்குத் தெரிந்த காலத்தில் இவர் என்னிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை."

அதன் போட்டோ கொப்பி இன்னும் அலுமாரியில் விசா பைலுக்குள் இருக்கிறது. போன வருசத்திற்குப் பிறகு நான் அந்தப் பைலைத் திறக்கவில்லை.

5

இனி அந்தத் தட்டு.

அங்கிளின் பாண்ட் ஒரே ஒரு முறை ரெக்கோட் பண்ணினது. கொம்பனி மாதிரிக்கு ஒன்று அடித்துக் குடுத்தது. ஒரு பக்கம் மட்டும், மற்றப் பக்கம் வெறும் தட்டு. பிறகு கொம்பனி அதை வெளியிடவே இல்லை. ஆக, ஆக்னஸ் அன்ரியின் குரல் உலகத்தில் இருந்தது அந்த ஒரு தட்டில் மட்டும்.

எண்பத்து மூன்றில் கொட்டாஞ்சேனையில் அவர்களின் வீடு எரிந்தது. பேஸ் எரிந்தது. படங்கள் எரிந்தன. தட்டு தப்பினது. ட்ரம்பெட் ஊதின சுனில், அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அதை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தான். கலவரம் ஓய்ந்து, அங்கிளும் அன்ரியும் அகதி முகாமில் இருக்கும்போது, அந்தச் சிங்களப் பெடியன் தட்டை இரண்டு தேத்தண்ணித் தட்டத்துக்கு நடுவில் வைத்து, சாரத்தால் சுற்றிக்கொண்டு வந்து குடுத்தான். "இரவல் குடுத்தபடியாத்தான் இருக்கு" என்று அங்கிள் எப்பவும் சொல்லுவார். "பூட்டி வைச்சிருந்தா அதுவும் போயிருக்கும்."

வருசத்தில் ஒரு நாள், அன்ரியின் நினைவு நாளுக்கு அண்டின சனிக்கிழமையில், அதைப் போடுவார். நான் பல வருசம் கேட்டிருக்கிறேன். தனிய பேஸ் தொடங்கும். எட்டு பார், அதாவது எட்டுத் தாள வட்டம் வரைக்கும் பேஸும் பியானோவும்தான். பிறகு ஆக்னஸ் அன்ரி மூச்செடுக்கிறது கேட்கும். பாட முன்னம், அந்த மூச்சு. அதற்காகத்தான் அங்கிள் போடுகிறவர் என்று நான் நினைக்கிறேன்.

கெவின், உனக்கு நினைவிருக்கும், கென்னின் பழைய டேப் ஒன்றை அக்கா கொம்பியூட்டரில் ஏற்றிக் குடுத்தது. அதைக் கேட்ட பிறகு அங்கிள் ஒரு சனிக்கிழமை என்னைத் தனியக் கூப்பிட்டார்.

"எனக்கு வயசு போகுது. ஊசி ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தின்னுது. உம்மட மகளிட்டச் சொல்லி இதையும் ஏத்தித் தாரும். மேர்லினுக்கு அவட தாயின்ர குரல் வேணும்."

தலையணை உறைக்குள் வைத்துத் தந்தார். "தண்ணி படாமப் பாரும்" என்றார்.

ஜெனியிடம் குடுக்க முன் அதை நல்லாக்கிக் குடுக்க நினைத்தேன். பழந்தூசி. இரைச்சல் இல்லாமல் வரட்டும் என்று. தண்ணி படக்கூடாது என்றாரே, அதனால் தண்ணியே கலக்கவில்லை. வெறும் ஸ்பிரிட். ஸ்பிரிட் உடனே காய்ந்துவிடும், ஈரம் நிற்காது. மரத்துக்குப் பொலிஸ் அடிக்கிறவன் அப்படித்தான் யோசிப்பான்.

எங்கட வீட்டுக் கராஜில் வைத்துத் துடைத்தேன். துணி கறுத்தது. தூசி என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றி இன்னொரு வட்டம் துடைத்தேன். துணி ஒட்டினது. அப்போதுதான் மணம் வந்தது.

மன்னாரில் ஏழு வருசம் என்ர சட்டையில் இருந்த மணம். ஸ்பிரிட்டில் அரக்குக் கரைகிற மணம்.

அந்தக் காலத்துத் தட்டுகள் அரக்கில் செய்தவை. பிறகு வந்தவைதான் பிளாஸ்டிக். நான் அவ்வளவு காலமும் துடைத்தது பிளாஸ்டிக் தட்டுகள். இது எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. ஆனால் அரக்கை ஸ்பிரிட் என்ன செய்யும் என்று இந்த மெல்பேர்ணில் என்னை விடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

கோடுகள் இருந்த இடம் மினுக்கம் போய், சூடு பட்ட மெழுகு மாதிரிப் படிந்து கிடந்தது. நான் துணியை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கறுப்பு. ஆக்னஸ் அன்ரி என்ர விரலில் இருந்தா.

6

ஜெனி, அந்தத் தட்டு இருந்ததே உனக்குத் தெரியாது. உன்னிடம் நான் அதைக் காட்டவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அங்கிள் கேட்டார். சொல்லத்தான் போனேன். வழி முழுக்க எப்படிச் சொல்லுகிறது என்று பழகிக்கொண்டு போனேன். அவர் வாசலிலேயே "எப்பிடி, பிள்ளை தொடங்கிட்டாளோ?" என்றார். முகம் அப்படி இருந்தது. "ஜெனிக்கு சோதனை அங்கிள். முடியட்டும்" என்றேன்.

"ஓம் ஓம், படிக்கட்டும். நான் எங்க போகப்போறன்."

சோதனை முடிந்தது. அடுத்தது, ஜெனிக்கு வேலை கிடைத்திருக்கு. அடுத்தது, கொம்பியூட்டர் பழுது. பிறகு நான் சனிக்கிழமைகளில் போகாமல் விட்டேன். ஓவர்டைம் என்றேன். சுப்பிரமணி போன் எடுத்து, "என்ன அண்ணே, நீங்க வராம தட்டெல்லாம் அழுக்காவே ஓடுது" என்று பகிடி விட்டார். நான் சிரித்துவிட்டு வைத்தேன்.

அந்த வருசம் அன்ரியின் நினைவு நாளுக்கு அண்டின சனிக்கிழமை தட்டில்லாமல் போனது.

பிறகு அங்கிளை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஒரு மத்தியானம் போனேன். மூக்கில் ஒக்சிஜன் குழாய். என்னைக் கண்டதும் கட்டில் கம்பியில் விரலால் தட்டத் தொடங்கினார். நான்தான் அதைத் தெரிந்தவன் என்று அவருக்குத் தெரியும். பேஸ் போகிற அதே போக்கு. நானும் மனதுக்குள் எண்ணினேன். எட்டு பார் முடிய விரலை நிறுத்தி, கையை உயர்த்தினார்.

"இப்ப மூச்செடுக்கிறா. கேக்குதோ?"

"கேக்குது அங்கிள்."

"நீர் ஒழுங்காக் கேக்கிற ஆள்."

பிறகு சொன்னார்: "ஜெனியைக் கரைச்சல் படுத்தாதையும். ஆறுதலாச் செய்யட்டும். கோவம் ஒண்டும் இல்லை எண்டு சொல்லும்."

வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். நேர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தா. அவ போன பிறகு சொல்லியிருக்கலாம். "போட்டு வாறன் அங்கிள்" என்றுதான் சொன்னேன். அந்த வியாழக்கிழமை அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு மேர்லின் அந்த ரேடியோகிராமை எனக்குத் தந்தா. "நீங்க பொலிஸ் அடிச்சது, நீங்களே வைச்சிருங்கோ அண்ணா" என்றா. தட்டை மட்டும் கேட்டா. "ஜெனியிட்ட இருக்கு, ஏத்தி முடிச்சதும் தாறன்" என்றேன்.

7

மகள், இதுதான் நடந்தது. அவ உன்னை வெறுக்கவில்லை. நான் உண்டாக்கின ஒரு ஜெனியை வெறுக்கிறா. தாயின்ர குரலை இவ்வளவு காலமும் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுத் திரிந்த ஒரு பிள்ளையை. அப்படி ஒரு பிள்ளை என்ர வீட்டில் இல்லை.

தட்டைக் கெடுத்ததற்கு என்னை மன்னிக்க அங்கிளால் முடிந்திருக்கும். எனக்கு இப்போது அது நிச்சயம். வீடு எரிந்ததைத் தாங்கின மனிசன். நான் அவரிடமிருந்து அந்தச் சந்தர்ப்பத்தையும் எடுத்துவிட்டேன். அவர் மன்னித்தது உன்னை. ஒன்றும் செய்யாத உன்னை.

நான் இன்றைக்குப் பின்னேரம் மேர்லினிடம் போகிறேன். தட்டைக் கொண்டு போகிறேன். நீ வர வேண்டாம். அவ போன் எடுத்தால் பேசு. எடுக்காவிட்டால் அதுவும் என்ர பிழைதான். அம்மாவுக்கு நேற்றுச் சொல்லிவிட்டேன். அவ காலையில் என்ர சேர்ட்டை மட்டும் அயர்ன் பண்ணிக் கதிரையில் போட்டிருந்தா.

கெவின், ஒரு பிழையை விட்டால் அன்றைக்கே சொல்லு. அடுத்த நாள் அது வேறொருவர் தலையில் போய் இருக்கும்.

8

இவ்வளவையும் எழுதிவிட்டு எங்கட கராஜுக்குப் போனேன். சனிக்கிழமை, பதினொரு மணி இருக்கும். பக்கத்து வீட்டில் புல்லு வெட்டுகிற மெசின் ஓடினது. அது நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலையணை உறையில் இருந்து தட்டை எடுத்து ரேடியோகிராமில் வைத்தேன். சுற்ற விட்டேன். எழும்பி நேராக நின்றேன்.

"பியானோ, டெரிக். ட்ரம்பெட், சுனில். ட்ரம்ஸ், பாருக். பேஸ், சேவியர். பாடினது, ஆக்னஸ்."

மற்றதையும் சொன்னேன்.

"துடைச்சது அந்தோனி."

பிறகு ஊசியை வைத்தேன்.